வீட்டுப் பெட்டியில் இருக்கும் விடுதலைப் போராட்டம்: தென்னாப்பிரிக்காவில் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

1993இல், வெள்ளையரின் நிறவெறி ஆட்சி கைமாறப் போகிறது என்பது உறுதியான பிறகு, தென்னாப்பிரிக்காவின் தேசிய உளவுத்துறை தன் கோப்புகளை அழிக்க ஆரம்பித்தது. தலைமையகத்தில் மட்டும் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 44 டன் காகிதமும் நுண்படச் சுருளும் அழிக்கப்பட்டன என்று உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இது அரசு அழித்தது. பயத்தில் மக்களே அழித்ததும் கொஞ்சமல்ல. 1950இல் கம்யூனிச ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு, தடைசெய்யப்பட்ட ஒரு துண்டறிக்கை வீட்டில் அகப்பட்டாலே வழக்கு என்ற நிலை. விடியற்காலையில் போலீஸ் கதவைத் தட்டலாம் என்று இருந்த வீடுகளில் கடிதங்கள் அடுப்புக்குப் போயின, புத்தகங்கள் கொல்லையில் புதைக்கப்பட்டன.

இத்தனைக்கும் தப்பியது கொஞ்சம் இருக்கிறது. ஒரு பகுதி பல்கலைக்கழக ஆவணக் காப்பகங்களில். இன்னொரு பகுதி சாட்ஸ்வொர்த், மெர்பேங்க், டொங்காட், லெனேசியா, லாடியம் போன்ற இந்தியர் குடியிருப்புகளின் வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடக்கும் பெட்டிகளிலும், அந்த வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்திலும். காப்பகத்தில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பதற்கு யாரும் இல்லை.

இதை வாசிக்கும் நீங்கள் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து இங்கே தங்கியவராக இருக்கலாம். அல்லது இங்கேயே பிறந்து, கோயில் வகுப்பில் தமிழ் படித்தவராக இருக்கலாம். எப்படியானாலும் உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பேரப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது தெரியாது. தாத்தா எழுதிய கடிதம் கையில் இருந்தும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அதனால் உங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. வரலாற்றுப் பட்டம் ஒன்றும் தேவையில்லை.

ஒரே ஒரு விதியை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: காகிதத்தையும் அதைப் பற்றிச் சொல்லக்கூடியவரையும் பிரிக்கக் கூடாது. கீழே வரும் எல்லா வேலையும் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

எந்தக் காலத்துக் காகிதம் என்று தெரிந்துகொள்ள

ஒரு வீட்டுக்குப் போகும் முன் காலவரிசை ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணெதிரே இருப்பதையே தவறவிடுவோம்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது. அன்று முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. பழைய காகிதம் எதிலாவது பெயருக்குப் பக்கத்தில் நான்கு, ஐந்து, ஆறு இலக்க எண் இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தின் ஊர் வரை அது உங்களைக் கூட்டிக்கொண்டு போகும்.

1906 முதல் 1914 வரை சத்தியாகிரகம். டிரான்ஸ்வால் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகச் சிறை போன காலம். மொரீசியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறிய தம்பி நாயுடு அப்போது திரும்பத் திரும்பச் சிறை சென்றவர். அவருடைய பேரன் இந்திரேஸ் நாயுடு 1963இல் பிடிபட்டு ராபன் தீவுச் சிறையில் 10 ஆண்டுகள் இருந்தார். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சிறைக்குப் போன குடும்பங்கள் இங்கே உண்டு. சாமி நாகப்பன் 1909இலும் நாராயணசாமி 1910இலும், 16 வயதான தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்றும் உயிரை விட்டார்கள். நாகப்பன், வள்ளியம்மை இருவரின் கல்லறைகளும் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் இருக்கின்றன. பக்கத்தில் வசிப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த வேலைக்கு ஒரு மனநிலை வேண்டும், அது அங்கே கிடைக்கும். 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தமும், மூன்று பவுண்டு வரிக்கு எதிரான நடைபயணமும் இதே காலம்தான்.

1946இல் இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய, ‘கெட்டோ சட்டம்’ என்று எல்லோரும் சொன்ன நிலச் சட்டம் வந்தது. டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் மூலையில் கூடாரம் போட்டு மக்கள் உட்கார்ந்தார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர் டாக்டர் மாண்ட்டி நாயக்கர், டாக்டர் குணம் எல்லாம் சிறை சென்றார்கள். ஏறத்தாழ 2,000 பேர் கைதானார்கள். பெயர் தெரிந்தவர்கள் ஒரு கைப்பிடி. மற்றவர்கள் தையல்காரர்கள், வெயிட்டர்கள், தோட்டக்காரர்கள், வீட்டுப் பெண்கள். உங்களுக்குக் கிடைக்கப் போவது அவர்கள் வீட்டுக் காகிதம்தான். 1947 மார்ச் 9 அன்று நாயக்கரும் டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் யூசுஃப் தாதூவும் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் டாக்டர் சூமாவோடு கையெழுத்திட்ட ‘டாக்டர்கள் ஒப்பந்தம்’ இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே வந்தது.

அதற்குப் பிறகு 1952 சட்டமறுப்பு, 1955 ஜூன் 26 அன்று கிளிப்டவுனில் விடுதலைச் சாசனம், 156 பேர் மீதான ராஜதுரோக வழக்கு, 60களில் இயக்கங்களுக்குத் தடையும் ராபன் தீவும், 1971இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸின் மறுபிறப்பு, 1983இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி, 1984இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்த முச்சபைத் தேர்தலின் புறக்கணிப்பு. 80களின் பொருட்கள் காகிதமாக மட்டும் இருக்காது. டி-சட்டை, பேட்ஜ், கையால் அச்சடித்த சுவரொட்டி, கேசட் எல்லாம் அதில் சேரும்.

எந்த வீட்டில் தொடங்குவது

தலைவர்கள் வீட்டுக்குப் போகாதீர்கள். அவர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதியாயிற்று. உங்கள் தெருவில், உங்கள் கோயிலில், உங்களுக்கு வடை கொடுத்தனுப்பும் வீட்டில் கேளுங்கள். சாட்ஸ்வொர்த்தில் வயதானவர் யாரைக் கேட்டாலும், அதற்கு முன் எங்கே இருந்தார்கள் என்று ஒரு கதை வரும். நகராட்சித் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர், கிளேர்வுட். 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் அங்கிருந்தெல்லாம் குடும்பங்களைப் பெயர்த்து எடுத்துக் கொண்டுவந்து போட்ட இடம் அது.

‘போராட்ட ஆவணம் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லையே கண்ணு’ என்றுதான் பதில் வரும். ‘பழைய போட்டோ வைக்கிற டின் இருக்கா ஆயா?’ என்று கேளுங்கள். பிஸ்கட் டின்னோ தோல் சூட்கேஸோ வெளியே வரும். அதில் பாதிக் காகிதத்தை ‘இதெல்லாம் குப்பை’ என்று ஒதுக்குவார்கள். அந்தக் குப்பையைத்தான் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், வாடகை அட்டை, தொழிற்சங்கச் சந்தா ரசீது, அபராதம் கட்டிய சீட்டு, சிறையில் ஒருவரைப் பார்க்கக் கொடுத்த அனுமதிச் சீட்டு, இறுதிச் சடங்கு நிகழ்ச்சி நிரல், கோயில் கமிட்டியின் தீர்மானப் புத்தகம்.

இரண்டு வகைக் கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று ராபன் தீவுக் கடிதம். 60களில் கடைநிலையில் வைக்கப்பட்ட அரசியல் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், அதுவும் 500 சொல்லுக்குள். அதனால் எழுத்து பொடிப்பொடியாக, ஓரம் வரை நெருக்கி எழுதப்பட்டிருக்கும். நடுவில் சன்னல் மாதிரி செவ்வகமாக வெட்டிய ஓட்டைகள் இருந்தால், அது தணிக்கைக்காரரின் கத்தரிக்கோல். பூச்சி அரித்தது என்று நினைத்து வேறு தாளை ஒட்டிவிடாதீர்கள். பெயருக்கு அருகே 466/64 போல ஒரு எண் இருக்கும். அது மண்டேலாவின் எண்: 1964இல் அங்கே சேர்க்கப்பட்ட 466ஆவது கைதி என்று அர்த்தம். இதே முறையில் உங்கள் கையில் இருக்கும் கடிதத்துக்கு உரியவர் எந்த ஆண்டு உள்ளே போனார் என்று தெரிந்துகொள்ளலாம். ஓட்டையின் இருபக்கமும் மிஞ்சியிருக்கும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எதை மறைத்தார்கள் என்பது பல நேரம் அதிலேயே புரியும்.

இன்னொன்று, 60களின் பிற்பகுதியிலிருந்து 80கள் வரை இங்கிலாந்திலிருந்து யாரோ ஒரு பெண்மணி எழுதிய கடிதம். பூச்செடி, மழை, பிள்ளைகளின் படிப்பு என்று சாதாரணமாக இருக்கும். கூடவே தபால் பணவிடைத் தாளின் அடிக்கட்டை இருக்கும். குடும்பத்தைக் கேட்டால் ‘அப்பா ஜெயில்ல இருந்தப்ப யாரோ ஒரு வெள்ளக்காரம்மா பணம் அனுப்புவாங்க, யாருன்னு தெரியாது’ என்பார்கள். லண்டனில் கேனன் ஜான் காலின்ஸ் என்ற பாதிரியார் நடத்திய சர்வதேசப் பாதுகாப்பு, உதவி நிதியம் 1966இல் தென்னாப்பிரிக்காவில் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகு கைதிகளின் குடும்பங்களுக்குப் போக வேண்டிய பணத்தை, சாதாரண மனிதர்கள் பேனா நண்பர்களைப் போலக் கடிதத்தோடு அனுப்பும்படி ஏற்பாடு செய்தார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. அதுதான் பாதுகாப்பும். அந்த நிதியத்தின் ஆவணங்கள் 1991க்குப் பிறகு கேப் டவுனில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் மயிபுயே காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. சாட்ஸ்வொர்த்தில் ஒரு சமையலறை மேசை மேல் கிடக்கும் அந்தக் கடிதம் ஓர் உலகளாவிய தோழமையின் மறுபாதி. பெட்டியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும்

முதல் வேலை, எதையும் தொடாமல், திறந்த பெட்டியை அப்படியே ஒரு படம் எடுங்கள். எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். திருமணப் பத்திரிகைக்குள் மடித்து வைத்த துண்டறிக்கை தற்செயலாக அங்கே வந்திருக்காது.

அசலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ‘ரெண்டு நாள்ல கொண்டுவந்து குடுத்துடறேன்’ என்று வாங்கிப்போனவர்கள் திருப்பித் தராததால் கதவை மூடிக்கொண்ட குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. அங்கேயே, அவர்கள் கண்முன்னே, அவர்கள் மேசையிலேயே வேலையை முடியுங்கள்.

கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வெறுங்கையாலேயே காகிதத்தைத் தொடலாம். புகைப்படத்தை மட்டும் ஓரத்தில் பிடியுங்கள். செலோடேப் வேண்டாம், பசை வேண்டாம். லேமினேஷன் கூடவே கூடாது. ஆசையோடு லேமினேட் செய்து சுவரில் மாட்டிய விடுதலைப் பத்திரங்கள் உள்ளே பழுப்பேறிப் போனதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது, ஏனென்றால் அதைப் பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேபிளையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். ஒட்டும் பக்கங்கள் உள்ள பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு சேர்த்தே படமெடுங்கள். புகைப்படத்தின் பின்னால் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல்.

டர்பன் ஈரப்பதம் காகிதத்துக்கு எமன். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேல்தட்டில், வெளிச்சுவரை ஒட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராமபாணப் பூச்சி வராமலிருக்க அந்துருண்டையைக் காகிதத்தின் மேலேயே போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடச் சொன்னாலே போதும்.

படமெடுக்க உங்கள் போன் போதும். மேசையை சன்னலருகே இழுத்துப் போடுங்கள், நேர்வெயில் விழாமல். காகிதத்துக்கு நேர்மேலே போனைப் பிடியுங்கள். நான்கு ஓரமும் சட்டத்துக்குள் இருக்கட்டும். பின்பக்கத்தையும் எடுங்கள், வெறுமையாக இருந்தாலும். கடிதமென்றால் உறையையும் எடுங்கள்: தேதி பல நேரம் அஞ்சல் முத்திரையில் மட்டும்தான் இருக்கும். ஸ்கேனர் கிடைத்தால் எழுத்துக்கு 300, புகைப்படத்துக்கு 600 டிபிஐ வையுங்கள். கேசட் இருந்தால், போட்டுப் பார்க்கும் முன் மேல் விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் அதன்மேல் பதிவாகாது.

அன்றிரவே, மறப்பதற்குள், ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வையுங்கள்: ஆண்டு, குடும்பப் பெயர், இடம், வரிசை எண். கூடவே ஒரு நோட்டில் அல்லது எக்செல் தாளில்: இது என்ன, யார் வைத்திருந்தார், அவருக்கு எப்படி வந்தது, அதைப் பற்றி யார் என்ன சொன்னார். கடைசி நான்கையும் எழுதாவிட்டால் பத்து ஆண்டு கழித்து உங்களிடம் வெறும் படங்கள்தான் மிஞ்சும்.

தமிழில் எழுதியதை வாசிப்பது

பழைய கையெழுத்தில் பல நேரம் புள்ளி இருக்காது. ‘னை’, ‘லை’, ‘ணா’, ‘றா’ எல்லாம் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில், கொம்பும் சுழியுமாக இருக்கும். கோயில் கணக்குப் புத்தகத்தில் தமிழ் எண்களும் வரும். பதறாமல், ஒரே ஆள் எழுதிய நான்கைந்து பக்கங்களை வாசித்தால் அவர் கை பழகிவிடும்.

ஆண்டு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ‘ஆனந்த வருஷம் தை மாதம்’ என்று இருந்தால் அது 1915 ஜனவரியாகவும் இருக்கலாம், 1975 ஜனவரியாகவும் இருக்கலாம், அறுபது வருடச் சுற்று அப்படி. காகிதம், மை, அதில் வரும் ஆட்கள் இவற்றை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் இரண்டையும் எழுதி, கேள்விக்குறி போடுங்கள்.

எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். ‘செயிலு’ என்று எழுதியிருந்தால் ‘செயிலு’தான். முதலில் தமிழில் அப்படியே பெயர்த்தெழுதி, பிறகு ஆங்கிலத்தில் பொருள் எழுதி, இரண்டையும் குடும்பத்துக்குக் கொடுங்கள். கொள்ளுத் தாத்தாவின் வார்த்தைகளை முதல்முறையாக வாசிக்கும் ஒரு பிள்ளை அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட விடாது. சில வீடுகளில் கடிதம் தெலுங்கில் இருக்கும். தெரியாவிட்டால் ஊகிக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பேச வைப்பது

இதுதான் மிக முக்கியமான வேலை, அவசரமானதும்கூட. 1946இல் இருபது வயதானவர் இன்று அநேகமாக இல்லை. 60களின் ஆட்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். காகிதம் இன்னும் சில ஆண்டு காத்திருக்கும், இவர்கள் காத்திருக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் இந்த மாதம் செய்ய முடியும் என்றால் போய்ப் பேசுங்கள்.

பதிவு பண்ணலாமா என்று முதலில் கேளுங்கள், கேட்டு வாங்கிய சம்மதத்தையும் பதிவில் சேருங்கள். போனை விமான நிலையில் போட்டு, மேசையில் ஒரு துணி மேல் வையுங்கள். மின்வெட்டை எதிர்பார்த்து முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு போங்கள். டிவியை நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம்.

‘போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்தால், அவர்கள் ஏதோ மேடையில் பேசுவதுபோல் மண்டேலா, காந்தி என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். வீட்டிலிருந்து தொடங்குங்கள். ‘மேகசின் பேரக்ஸ்ல உங்க வீட்டுக்கு எத்தனை ரூம் தாத்தா? தண்ணி எங்க பிடிப்பீங்க? பக்கத்து வீட்ல யாரு?’ அந்த வீட்டுக்குள் அவர் ஒருமுறை நுழைந்துவிட்டால், போலீஸ் வந்த இரவும் தானாக வரும். கையில் ஒரு படத்தைக் கொடுத்துப் பேசச் சொன்னால் இன்னும் எளிது.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் ‘அவருக்குத்தான் எல்லாம் தெரியும்’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவார்கள். ஒளிந்திருந்தவருக்குச் சோறு கொண்டுபோனது யார்? துண்டறிக்கையைக் குழந்தையின் துணிக்கடியில் மறைத்தது யார்? புருஷன் உள்ளே இருந்தபோது வாடகை எப்படிக் கட்டினார்கள்? தடையுத்தரவு போடப்பட்டவருக்கு விருந்தாளி வரக்கூடாது என்றால் பொங்கலுக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது? இவற்றுக்கெல்லாம் பதில் பெரும்பாலும் ஆயாக்களிடமும் பெரியம்மாக்களிடமும்தான் இருக்கிறது, யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

இடையில் மௌனம் வந்தால் அதை நிரப்பாதீர்கள். சித்திரவதையை அனுபவித்தவர்கள் உண்டு. குரல் மாறினால், கை நடுங்கினால், பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிட்டு, அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். அவர்களுடைய நிம்மதியைவிட உங்கள் பதிவு பெரிதில்லை.

பதிவை வெட்டி ஒட்டாதீர்கள். தேவையானால் நகலில் செய்யுங்கள், அசல் முழுதாக இருக்கட்டும். 1971 அக்டோபர் 27 அன்று ஜான் வோர்ஸ்டர் ஸ்கொயர் காவல் நிலையத்தின் மாடியிலிருந்து விழுந்து இறந்த அகமது திமோல் என்ற நிறவெறி எதிர்ப்புப் போராளி தற்கொலை செய்துகொண்டதாக 1972இல் தீர்ப்பானது. அவர் குடும்பம் விடவில்லை. தகவல் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். விசாரணை மறுபடி திறக்கப்பட்டு, அதே காலத்தில் சிறைப்பட்டிருந்தவர்கள் வந்து சாட்சி சொல்லி, 2017 அக்டோபரில் அது கொலை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். உங்கள் போனில் இருக்கும் ஒரு மணி நேரப் பேச்சு நாளை எதற்குத் தேவைப்படும் என்று இன்று சொல்ல முடியாது.

கசப்பான விஷயங்களும் வரும். 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள், அவர்களில் ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும் உண்டு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்து மட்டுமே சொல்லப்படுகிறது. சொல்வதைச் சொல்லவிட்டு, ‘உங்களைக் காப்பாத்தினவங்க யாராவது உண்டா?’ என்றும் கேளுங்கள். தங்களை ஒளித்துவைத்த ஜூலு அண்டைவீட்டாரைப் பற்றிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் அந்தப் பக்கத்துக் குடும்பங்களையும் தேடிப்போங்கள். தமிழர் தியாகம் என்று மட்டும் சேர்த்து வைத்தால் அது பாதி வரலாறுகூட ஆகாது. அதேபோல் ‘அவன்தான் காட்டிக்கொடுத்தான்’ என்று யாராவது ஒரு பெயரைச் சொன்னால், பதிவில் இருக்கட்டும், வெளியே விடாதீர்கள். அந்தப் பெயருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு, சொன்னது தவறாகவும் இருக்கலாம்.

அரசுப் பதிவோடு பொருத்திப் பார்ப்பது

வீட்டில் கிடைத்த எண்ணோடும் பெயரோடும் காப்பகத்துக்குப் போகலாம். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் வரை இருக்கும். பெயரை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், அதனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு எழுத்திலும் தம்பி வேறு எழுத்திலும் இருப்பார்கள். முனுசாமி மூன்சாமியாகவும், முதலியார் மூட்லியாகவும், கவுண்டர் கோவெண்டராகவும் மாறியிருப்பதை மனதில் வைத்து நான்கைந்து விதமாகத் தேடுங்கள். அரசு அலுவலகத்திடம் கோப்பு கேட்க 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நேரம் எடுக்கும், ஆனால் கேளுங்கள்.

நேட்டால் பதிவுகளுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் காப்பகங்கள். இயக்க ஆவணங்களுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆவணப் பிரிவு, ஆலிஸில் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகம், மேலே சொன்ன மயிபுயே. டர்பனில் 1860 பாரம்பரிய மையமும், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையமும் நமக்கு மிக நெருக்கமானவை. வக்கீலாகவும் போராளியாகவும் வாழ்ந்து, 1979இல் லெசோத்தோவில் பார்சல் குண்டில் காயப்பட்டும் தப்பிய ஃபில்லிஸ் நாயுடு, பெயர் தெரியாமல் போன தோழர்களைப் பற்றிய தகவல்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் சேர்த்தவை காந்தி-லுத்துலி மையத்தில்தான் இருக்கின்றன. ஒரு தனி ஆளால் எவ்வளவு முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டு இடத்தில் வைப்பதும் வெளியே கொடுப்பதும்

எந்தக் காப்பகமும் இரும்புக்கோட்டை இல்லை. டர்பன் அருகே காந்தி நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பு 1985 ஆகஸ்ட் கலவரத்தில் எரிந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் 2021 ஏப்ரல் 18 அன்று காட்டுத்தீயில் எரிந்தது. அதனால் ஒரு நகல் உங்களிடம், ஒன்று குடும்பத்திடம், ஒன்று வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பில். வட்டு பழுதாகும் என்பதை எதிர்பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். குடும்பம் அசலையே காப்பகத்துக்குக் கொடுக்க விரும்பினால், நன்கொடையா, கடனா, யார் பார்க்கலாம், எப்போதிலிருந்து பார்க்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

வெளியிடும் முன் சம்மதம் வாங்குங்கள். ஒரே ஒரு பக்கத் தாள் போதும், அதில் மூன்று கேள்வி: இப்போதே எல்லோரும் பார்க்கலாமா, என் காலத்துக்குப் பிறகா, எப்போதுமே கூடாதா. உயிரோடிருப்பவர்களின் சொந்த விவரங்களைக் காக்கும் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழு நடைமுறையில் இருக்கிறது, அதனால் முகவரி, அடையாள எண், நோய் விவரம் போன்றவற்றை மறைத்துவிடுங்கள். புகைப்படத்தை வைத்திருப்பவர்தான் அதன் காப்புரிமைக்காரர் என்பதில்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. செய்தித்தாள் புகைப்படக்காரர் எடுத்ததென்றால் கேட்டுத்தான் போட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பெயரும் விளக்கமும் படத்தோடு போகாமல் போகலாம் என்பதால் கீழேயே வெள்ளைப் பட்டையில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் இணையத்தைவிடக் கோயில் மண்டபம் மேல் என்பது என் எண்ணம். தைப்பூசக் காவடிக்கு வருபவர்கள், செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்துக்கும் நவம்பர் 16க்கும் கூடுபவர்கள் எல்லா வயதிலும் இருப்பார்கள். அசலைக் கொண்டுபோகாதீர்கள், பெரிதாக அச்சடித்த நகல் போதும். வயதானவர்கள் நின்று பார்க்க முடியாது என்பதால் மேசையில் பரப்பி, நாற்காலி போடுங்கள். விளக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் பெரிய எழுத்தில். ஒவ்வொரு குழுப்படத்துக்கும் அருகே அதே படத்தின் கோட்டுருவம், ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண், பக்கத்தில் பென்சிலும் வெற்றுத் தாளும். ‘ஆறாம் நம்பர் எங்க மாமா’ என்று யாராவது எழுதுவார்கள். எழுதியவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள், அடுத்து போக வேண்டிய வீடு அது. வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைப் பட்டியலில் ஏற்றுங்கள், யார் சொன்னது என்பதோடு. ஆறாம் நம்பருக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்லியிருந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள்.